ஒளி இருந்தும் இருள் ஏன்?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டுப் பையன் சீனி வாங்க என் கடைக்கு வந்தான். வயது பத்து இருக்கும். கல்லாப்பெட்டியின் மேல் கிடந்த பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி ஒரு வீரர் வேலை செய்கிறார். அவருடைய வெள்ளை உடுப்பு கண்ணைக் கூசும்படி வெயிலில் பிரகாசிக்கிறது. அவருக்குப் பின்னால் வானம் மையைக் கொட்டியதுபோல் கறுத்துக் கிடக்கிறது. பையன் அந்தப் படத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டான்.

"மாமா, இவர் மேலே வெயில் அடிக்குது. வானம் மட்டும் ஏன் ராத்திரி மாதிரி இருக்கு?"

"அங்கே ராத்திரி, தம்பி" என்றேன்.

"ராத்திரின்னா வெயில் எப்படி மாமா அடிக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சீனியை நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் மதரஸாவில் ஓதியவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பெரிய விஞ்ஞான நூல்களைக் கற்றவன் அல்லன். ஆனாலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வாசகர்கள் முன் வைக்கிறேன். இதில் வானத்தைப் பற்றிய விஷயம் பாதி. நம்மைப் பற்றிய விஷயம் பாதி.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். விண்வெளியில் சூரிய ஒளி குறைவோ? இல்லை, அங்கேதான் அதிகம். சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளி இங்கு வந்து சேர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. பூமியின் காற்று மண்டலத்துக்கு மேலே, கிரணங்களுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 1,360 வாட். காற்றைக் கடந்து, மேகமில்லாத உச்சி வேளையில் தரைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 1,000 வாட்தான். நம் வீட்டு முற்றத்தை விட அங்கே வெயில் கடுமை. அதனால்தான் விண்வெளி வீரர்களுடைய முகக் கவசத்தில் மெல்லிய தங்கப் பூச்சு பூசுகிறார்கள்.

அப்படியிருந்தும் வானம் கறுப்பு. 1961-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி ருஷ்ய நாட்டு யூரி ககாரின் முதன் முதலாகப் பூமியைச் சுற்றி வந்தார். மேலே வானம் கறுப்பாக இருந்ததை அவர் திரும்பி வந்து சொன்னார். 1969-ம் ஆண்டு ஜூலையில் சந்திரனில் இறங்கியவர்கள் கண்டதும் அதுவே. சந்திரனில் ஒரு பகல் நம் கணக்குக்கு ஏறக்குறைய 15 நாள் நீளும். உச்சி வேளையில் அங்குள்ள மண் தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிவிடும். அந்த வேளையிலும் தலைக்கு மேல் வானம் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். கறுப்பு வானத்தின் நடுவே சூரியன் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

இதன் காரணத்தை அறிய விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. என் கடையின் பின்புறச் சரக்கறைக்குத் தகரக் கூரை. அதில் ஓர் ஆணி கழன்ற ஓட்டை உண்டு. காலை பத்து மணிக்கு அந்த ஓட்டை வழியே ஒரு வெயில் கற்றை சாய்வாக இறங்கும். கோதுமை மாவு மூட்டையைப் பிரித்த நாளில் அந்தக் கற்றை வெள்ளைக் கம்பு நட்டதுபோல் தெளிவாகத் தெரியும். தூசி அடங்கிய நாளில் கற்றை கண்ணுக்கு மங்கிவிடும். தரையில் விழும் காசளவு வெளிச்சம் மட்டும் இருக்கும். இரண்டு நாளும் ஓட்டை வழியே வருவது ஒரே வெயில்தான். ஒரு நாள் மாவுத் தூள் அதைத் தடுத்து என் பக்கம் திருப்பியது. மறுநாள் திருப்புவதற்கு ஆள் இல்லை. ஒளி தன் பாட்டுக்குக் கீழே போய்விட்டது.

ஒளி நம்முடைய கண்ணுக்குள் வந்து விழுந்தால்தான் நமக்குத் தெரியும். நம்மைக் கடந்து வேறு பக்கம் போகிற ஒளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தெரியாது. இன்று இது சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் பண்டைய காலத்தில் அறிஞர் பலர், கண்ணிலிருந்து ஒரு கிரணம் புறப்பட்டுப் போய்ப் பொருள்களைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று நம்பினார்கள். அந்த எண்ணத்தை வலுவாக மறுத்தவர் இப்னுல் ஹைதம். சுமார் கி. பி. 965-ல் பஸராவில் பிறந்து, பின்னர் கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040-ல் காலமானவர். 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூலில், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணில் சேர்வதாலேயே நாம் காண்கிறோம் என்று பரிசோதனைகளோடு எழுதினார். இருட்டறைக்குள் சிறு துவாரத்தின் வழியே ஒளியை விட்டு அவர் சோதித்ததும் உண்டு. என் சரக்கறை ஓட்டைக்கு அத்தனை பெரிய பரம்பரை இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது!

ஆகவே, விண்வெளி கறுப்பாகத் தெரிவதன் முதற் காரணம் இதுதான். அங்கே ஒளி உண்டு. அதைத் தடுத்து நம் கண் பக்கம் திருப்பும் காற்றோ தூசியோ போதிய அளவு இல்லை. வீரருடைய வெள்ளை உடுப்பு வழியில் நின்றது; அதனால் பிரகாசித்தது. அவருக்குப் பின்னால் வழியில் நிற்க ஒன்றும் இல்லை, அதனால் கறுத்தது.

பூமியில் நிலைமை வேறு. இங்கே நமக்கு மேல் காற்று ஒரு போர்வைபோல் கிடக்கிறது. அந்தக் காற்றின் அணுத்திரள்கள் சூரிய ஒளியில் கொஞ்சத்தைப் பிடித்து நாற்புறமும் சிதறடிக்கின்றன. சிவப்பை விட நீலத்தை அவை ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும் என்று 1871-ம் ஆண்டில் ராலே பிரபு என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி கணக்கிட வழி காட்டினார். வானம் எங்கும் நீலமாகத் தெரிவது அதனால்தான். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, வானத்தின் நிறமென்று எண்ணப்படுகிற நீலத்தின் காரணம் என்ன என்று தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். வானத்துக்குச் சொந்த நிறம் இருட்டு. காற்றில் கலந்த தூள்களின் ஒளி அதனோடு சேர்வதால் நீலம் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. இன்றைய கணக்கோடு அது முழுவதும் ஒத்துவராது. ஆயினும் நீலத்துக்குப் பின்னால் இருட்டு இருக்கிறது என்று, மேலே போய்ப் பார்க்காமலே சொன்னாரே, அந்த யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பகல் வெளிச்சத்தைத் தருவது சூரியன் என்று நாம் சொல்கிறோம். சூரியன் மட்டும் இருந்தால் வெயில் படும் இடம் வெள்ளை, நிழல் விழும் இடம் காரிருள் என்றுதான் இருக்கும். வீட்டுக்குள்ளும் மரத்தடியிலும் ஐந்தடிக் கடையின் உள்மூலையிலும் நாம் பகலில் விளக்கின்றி எழுதவும் படிக்கவும் முடிகிறதென்றால், அதில் காற்றுக்கும் பங்கு உண்டு. கண்ணுக்கே தெரியாத காற்று வெளிச்சத்தைப் பங்கு வைத்துக் கொடுக்கிறது.

சுபுஹுக்கு எழுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே கிழக்கு வெளுக்கிறது. மேலேயுள்ள காற்றில் கிரணம் பட்டு, அங்கிருந்து சிதறி நமக்கு வருவதுதான் அந்த வெளுப்பு. சூரியன் எத்தனை பாகை கீழே இருக்கும்போது அது தொடங்குகிறது என்பதைக் கொண்டே வக்து கணக்கிடப்படுகிறது. மலேசியாவில் 2019-ம் ஆண்டில் இந்தக் கணக்கு 20 பாகையிலிருந்து 18 பாகைக்கு மாற்றப்பட்டு, சுபுஹு நேரம் ஏறக்குறைய எட்டு நிமிடம் தள்ளிப் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். காற்று இல்லாத சந்திரனில் இந்த வெளுப்பு கிடையாது. சூரியனின் விளிம்பு எட்டிப் பார்க்கும் வரை வானம் கறுப்பு. பார்த்த பின்னும் கறுப்புதான்.

பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்து அந்தலூஸில் இப்னு முஆத் என்ற அறிஞர் இருந்தார். விடியலின் வெளுப்பு தொடங்கும்போது சூரியன் 19 பாகை கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, காற்று மண்டலம் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டார். அந்த நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆனால் அதை எழுதியவர் இப்னுல் ஹைதம் என்றே நெடுங்காலம் நம்பிவிட்டார்கள். 1967-ம் ஆண்டில்தான் அது இப்னு முஆதுடையது என்று ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய வெளிச்சம் உலகத்தில் இருந்தது. அவர் பெயரில் தெரியவில்லை, அவ்வளவே.

நிற்க. இந்த இடத்தில் என் கடைக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் வானத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னப் புத்தகத்தை அறியாதவர் நம்மில் இல்லை. கடன் வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் என் கடையில் ஒரு புத்தகம் உண்டு. லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் ஒருவர் நெடுநாள் வாடிக்கைக்காரர். ஒரு வருஷம் அவருடைய பாக்கி நான்கு மாதமாகத் தீரவில்லை. முந்நூறு வெள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு நாள் மாலை, கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம், பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். "பழைய பாக்கியைத் தீர்த்துட்டு அப்புறம் அரிசியைத் தூக்குங்க" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். நாணயமில்லாத மனிதர் என்று என் மனத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மாதக் கடைசியில் புத்தகங்களைச் சரி பார்த்தபோது, பின் சந்தில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியின் கணக்கு கைக்கு வந்தது. வருமானம் என்று ஒன்றும் இல்லாதவர். ஆனால் நான்கு மாதமாக, மாதம் எண்பது வெள்ளி வீதம் அந்தக் கணக்கில் வரவு வந்திருக்கிறது. "இது யார்ப்பா கட்டுறது?" என்று கடைப் பையனைக் கேட்டேன். அவன் தயங்கிச் சொன்னான்: "லாரிக்கார அண்ணன்தான் முதலாளி. யார்கிட்டேயும் சொல்ல வேண்டாம்னாரு."

நான்கு எண்பது முந்நூற்று இருபது. அவருடைய பாக்கியும் ஏறக்குறைய அதே தொகை. அவருடைய நாணயம் என் கடைக்குள்ளேயே, என் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது. அது என் கண்ணில் விழாமல் வேறொரு புத்தகத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்த பக்கம் கறுப்பு. ஆகவே மனிதரே கறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவே அரிசிப் பையோடு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்க முடியாது. "அது வேற, இது வேற முதலாளி. உங்களுக்குத் தர வேண்டியது தர வேண்டியதுதானே. நீங்க கேட்டது தப்பில்லை. அத்தனை பேர் முன்னால கேட்டீங்க பாருங்க, அதுதான்." அரிசியை வாங்கிக்கொண்டார், அதையும் கணக்கில் எழுதச் சொன்னார்.

அவர் சொன்னது நியாயம். என் புத்தகத்தில் பிழை இல்லை. பாக்கி உண்மை. பிழை என் தீர்ப்பில் இருந்தது. 'காணவில்லை' என்பது ஒன்று; 'இல்லை' என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்ல எனக்குக் கண் இருந்தால் போதும். இரண்டாவதைச் சொல்ல, என் கண் எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கே ஒளியைத் திருப்ப ஏதாவது உண்டா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நாம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பக்கத்தில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு கற்றை தெரிகிறதென்றால், அதன் ஒளியில் ஒரு பங்கு வழி மாறி அவன் கண்ணுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பங்கு சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1997-லும் 2015-லும் காட்டுத் தீயின் புகை நம் வானத்தை மூடியதே, அப்போது வானம் முழுதும் மங்கிய வெளுப்பாக இருந்தது. சூரியனோ சிவந்த தட்டுபோல் கண்ணால் நேரே பார்க்கும்படி ஆகிவிட்டது. ஒளி எங்கும் சிதறித் தெரிந்தது; நிலத்துக்குச் சேர்ந்தது குறைந்தது. உதவி செய்கிறவர்களின் காரியமும் இப்படியே. கொஞ்சம் வெளியில் தெரிவதால் பிறருக்கு ஊக்கம் பிறக்கலாம். கொடுப்பதெல்லாம் படமாகவும் பேச்சாகவும் சிதறிப்போனால் வாங்குகிறவருக்குச் சேர்வது என்ன? லாரிக்காரருடைய எண்பது வெள்ளி எண்பது வெள்ளியாகவே போய்ச் சேர்ந்தது.

வானத்து இருளுக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

சந்திரனில் எடுத்த படங்களில் நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லையே, ஆகவே அந்தப் பயணமே பொய் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் எளிது. வெயிலில் பளபளக்கும் நிலத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் கமராவின் கதவை மிகக் குறைந்த நேரமே, ஒரு வினாடியில் 250-ல் ஒரு பங்குபோலத் திறந்து மூட வேண்டும். அந்த நேரத்துக்குள் நட்சத்திரத்தின் மெல்லிய ஒளி பதியாது. 1972-ம் ஆண்டு ஏப்ரலில் அப்போலோ 16 பயணத்தில், ஜார்ஜ் கரூதர்ஸ் என்ற விஞ்ஞானி அமைத்த வேறு வகைக் கமரா ஒன்றைச் சந்திரனில் வைத்துப் படம் எடுத்தார்கள். அதில் நட்சத்திரங்கள் பதிந்தன. அதே கறுப்பு வானம்தான், கருவி மாறியது. பெரும் பிரகாசத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சிறு வெளிச்சம் தெரியாது. பெரிய மனிதரின் நன்கொடையை மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு எண்பது வெள்ளி தெரியாததுபோல.

இரவு வானத்தைப் பற்றிய புதிர் ஒன்றும் உண்டு. எந்தத் திசையில் பார்த்தாலும் நட்சத்திரங்கள் எண்ணிறந்தவை இருக்குமானால், இரவும் பகல்போல் எரிய வேண்டுமே, ஏன் இருள்கிறது? ஜெர்மனி தேசத்து வைத்தியர் ஓல்பெர்ஸ் 1823-ம் ஆண்டில் இதை எழுப்பினார். அவருக்கு முன் 1610-ல் கெப்ளரும் இதை யோசித்திருக்கிறார். இன்று சொல்லப்படும் விடை இது. இந்தப் பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு. அதற்குள் வந்து சேரக்கூடிய தூரத்திலிருந்து கிளம்பிய ஒளியே நமக்கு வந்திருக்கிறது. மற்றது இன்னும் வழியில் இருக்கிறது. அன்றியும் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால், தொலைவிலிருந்து வரும் ஒளி நீண்டு மெலிந்து நம் கண்ணுக்குப் புலப்படாத கதிராகிவிடுகிறது.

அப்படி மெலிந்த கதிரை 1964-65-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தற்செயலாகக் கண்டார்கள். அவர்களுடைய வானொலிக் கருவியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். கருவியில் கோளாறு என்று நினைத்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சத்தின் ஆதி காலத்து வெளிச்சத்தின் மிச்சம் அது என்று பின்னர் தெரிந்தது. அதற்காக 1978-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் கறுப்பு என்று சொல்கிற வானத்தின் மூலைமுடுக்கெல்லாம் அந்தக் கதிர் நிறைந்திருக்கிறது.

ஆகவே இருள் என்று நாம் சொல்வதற்குள் பல சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. ஒளி இருக்கலாம், நம் பக்கம் திரும்பாமல் போகலாம். நம் கண் வேறொரு பிரகாசத்தில் மயங்கியிருக்கலாம். ஒளி இன்னும் வழியில் இருக்கலாம். வந்திருந்தும் நம் கண்ணுக்கு அகப்படாத வகையாக இருக்கலாம். உண்மையிலேயே ஒளி இல்லாமலும் இருக்கலாம். அதையும் மறுக்கக் கூடாது.

இங்கே விவரமுள்ள வாசகர் ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்துவார். "காணாததை இல்லை என்று சொல்லக் கூடாதென்றால், ஊரை ஏமாற்றுகிறவனுக்கு அல்லவா வசதி? 'என்னிடம் ஒரு சக்தி இருக்கிறது, உன் கண்ணுக்குத் தெரியாது, பணத்தை வை' என்பான். 'என் மனம் தங்கம், உனக்குத்தான் தெரியவில்லை' என்று கடனைக் கொடுக்காதவனும் சொல்வான். அவனையும் நம்ப வேண்டுமா?" என்று கேட்பார்.

நல்ல கேள்வி. இதற்கு விடையை நான் மேலே சொன்ன படமே தருகிறது. விண்வெளியின் ஒளி கண்ணுக்குத் தெரியாதது உண்மை. ஆனால் ஒரு கையை நீட்டினால் போதும், அந்தக் கை பிரகாசிக்கும். நாம் ஒவ்வொரு மாதமும் காணும் அத்தாட்சி ஒன்று உண்டு. நடுநிசியில் நம் தலைக்கு மேல் வானம் கறுத்திருக்கிறது. ஆனால் பூமியின் நிழல் விழும் குறுகிய பாதை நீங்கலாக, அந்தக் கறுப்பின் வழியாகச் சூரிய ஒளி பாய்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நடுவே நீட்டிய கைதான் சந்திரன். சந்திரன் நின்ற இடம் பிரகாசிக்கிறது, சுற்றிலும் இருள். அந்தக் கை பூமியின் நிழலுக்குள் புகுந்தால் கிரகணம். அப்போது அங்கே நேர் ஒளி இல்லை என்று நாம் தைரியமாகச் சொல்லலாம். மக்ரிபுக்குப் பின் சில நாட்களில் விண்வெளி நிலையம் ஒரு வெள்ளிபோல் மெல்ல நகர்ந்து போவதையும், நிழலில் புகுந்ததும் சட்டென்று மறைவதையும் பார்த்தவர்கள் உண்டு. அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் நீட்டிய சிறு கை.

ஆகவே சோதனை இருக்கிறது. உள்ளது என்று சொல்லப்படும் ஒளி, அதன் வழியில் ஒன்று வந்து நின்றால் அதன் மேல் விழ வேண்டும். ஏமாற்றுக்காரனுடைய சக்தி எதன் மேலும் விழாது. எதை நீட்டினாலும் அவன் ஒரு சாக்குச் சொல்வான். தங்க மனம் என்று சொல்லிக்கொள்கிறவன் வழியில் ஒரு பசித்தவன் வந்து நிற்கட்டும், தெரிந்துவிடும். லாரிக்காரர் வழியில் ஒரு மூதாட்டி வந்து நின்றார், வெளிச்சம் விழுந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

கையை நீட்டாமலே 'இல்லை' என்று சொல்வது ஒரு தவறு. கையை நீட்டாதே, அப்படியே நம்பு என்று சொல்வது இன்னொரு தவறு. இரண்டும் சோதனைக்கு அஞ்சுகின்றன. இந்த இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், என் போன்றவர்கள் அதிகமாகச் செய்வது முதலாவதுதான் என்பேன். ஏமாற்றுக்காரர்கள் ஊரில் சிலர். ஆனால் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு முழு மனிதருக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் நம்மில் பலர். கடைக்காரன் பாக்கியைப் பார்த்து எழுதுகிறான். மாமியார் ஒரு நாள் குழம்பைப் பார்த்து எழுதுகிறார். தகப்பன் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதுகிறான். தீர்ப்பை அழிக்க ரப்பர் கிடைப்பதில்லை. நான் அரிசியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் அந்த மாலை கடையில் நின்ற நாலு பேரில் எத்தனை பேரிடம் போய் உண்மையைச் சொன்னேன்? ஒருவரிடம்கூட இல்லை. சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தார் என்பது எனக்கு ஒரு சாக்காக அமைந்துவிட்டது. மூதாட்டியின் பெயரைச் சொல்லாமலே 'அவர் நாணயஸ்தர், நான்தான் தவறிப் பேசினேன்' என்று சொல்லியிருக்கலாம். இதை எழுதிய பிறகாவது சொல்வதென்று இருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்தப் பையன் மறுபடியும் கடைக்கு வந்தான். சரக்கறைக்கு அழைத்துப் போய், ஓட்டை வழியே வரும் வெயிலில் ஒரு பிடி மாவைத் தூவிக் காட்டினேன். வெள்ளைக் கம்பு நின்றது. மாவு அடங்கியது, கம்பு மறைந்தது.

"இப்ப வெளிச்சம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். பிறகு வெயில் வந்த வழியில் தன் உள்ளங்கையை நீட்டினான். அது பளிச்சென்று சிவந்து நின்றது.

"போகலை மாமா. இங்கேதான் இருக்கு."